கரையில் நட்ட மண்வெட்டி

எங்கள் ஊரில் பாலம் கிடையாது. ஆறு இருந்தால்தானே பாலம் இருக்கும். இலுப்பூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற வானம் பார்த்த ஊர். இருப்பது ஒரு கண்மாய், அதன் கரைக்குக் கீழே கொஞ்சம் வயல், அதற்கு அப்பால் சரளைக் காடு. அதனால், நான் கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா, "பாலத்துக்காரன் பொண்டாட்டி செஞ்சது தப்புதான். யாரு மொகத்துக்காகவும் நான் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்று அடித்துப் பேசியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் இன்னும் பார்க்காத தெரு ஒன்று இந்த ஊரில் எங்கோ இருக்கிறது போலும் என்று நினைத்தேன். மறுநாள் தண்ணீருக்குப் போகிற சாக்கில் குடத்தோடு ஊரையே சுற்றி வந்தேன். பாலமும் இல்லை, பாலத்துக்காரனும் இல்லை.

மாமியாரிடம் கேட்டேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, "அவ சொல்றது வேற ஊரு. கேட்டுக்க. தேடிக்கிட்டுத் திரியாத" என்றார்.

எந்த ஊர் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்து வீட்டு அக்காவை ஊரில் 'சுமத்திரா அக்கா' என்பார்கள். சுமத்திராத் தீவில் ஒல்லாந்துக்காரர்களின் புகையிலைத் தோட்டத்துக்குப் புருஷனோடு போனவர். புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. அதன் பிறகு தோட்டத்துத் துரை வீட்டில் சமையல் வேலை. யுத்தமெல்லாம் முடிந்து, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில், ஒரு தகரப்பெட்டியும் கறுப்புக் குடையுமாக இலுப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தாராம். ஆனால் அவர் பேசுகிற ஊர் சுமத்திராவும் இல்லை. அது அந்தத் துரை வீட்டுத் துரைசாணி பிறந்து வளர்ந்த ஊர். ஒல்லாந்து என்கிற ஹாலந்து தேசத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிற பட்டிக்காடு.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். எதைப் பார்த்தாலும் முதலில் அதன் உயரத்தைத்தான் பார்ப்பார். கொழுந்தனார் வீட்டு மாட்டுக்கொட்டிலை ஒட்டி அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் அரிசிப் பானை, தகரப்பெட்டி, மாற்றுச் சேலை எல்லாமே பரணில் இருக்கும். தரையில் ஒரு பாயும் செம்பும் தவிர ஒன்றும் இராது. கேட்டால், "தண்ணி வந்தா?" என்பார். சித்திரை மாதத்தில் கிணற்று வாளி தரை தட்டுகிற ஊரில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "ஒரு கொடம் தண்ணிக்கு நாயா அலையிறோம், இவ வெள்ளத்துக்குப் பரண் கட்டி வச்சிருக்கா" என்று கிணற்றடியில் பேசாத வாய் இல்லை. அக்காவுக்குக் கோபமே வராது. "அவங்களும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கோயில் மணி அடிக்கையில பாத்தா கட்டிலுக்கு அடியில தண்ணி" என்பார். யார் சிரித்தார்கள், எந்த வருஷம் தண்ணீர் வந்தது என்று கேட்டால், அதெல்லாம் உனக்கே தெரியுமே என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

மாசி பங்குனியில் நாலைந்து பெண்களாக வேப்பமர நிழலில் உட்கார்ந்து புளி உடைத்துக் கொட்டை எடுப்போம். அக்கா கொட்டைகளை மண்ணில் பரப்பி அந்த ஊரைக் கட்டிக் காட்டுவார்.

"இந்தா, இதுதான் கோயிலு. ஊருலயே மேடு அது ஒண்ணுதான். தண்ணி வந்தா ஆடு மாடு சனம் எல்லாம் அங்கிட்டு ஏறிக்கிறணும். இது ரொட்டிக்காரன் வீடு. இது பாலத்துக்காரன் வீடு. இந்தக் கோடு வாய்க்கா. அங்கிட்டு வரப்பே கெடையாது. வயலுக்கு வயலு வாய்க்காதான்."

"கடலு எங்கக்கா?" என்றேன்.

அவர் கொட்டைகளைச் சுற்றி மண்ணைக் கூட்டி ஒரு கரை கட்டினார். கரைக்கு அந்தப் பக்கம் கையை வைத்தார். கை, கொட்டைகளைவிட உயரத்தில் இருந்தது.

"இங்க" என்றார். "கடலு மேல, ஊரு கீழ."

எல்லோரும் சிரித்தோம். நான் எட்டாவது வரை படித்தவள். கடல் தாழ்ந்தும் நிலம் உயர்ந்தும் இருக்கும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்கா பொய் சொல்லுகிறாரா, புத்தகம் பொய் சொல்லுகிறதா என்று எனக்குக் குழப்பம்.

அன்றைக்குத்தான் பாலத்துக்காரன் பெண்டாட்டி செய்த தப்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் பனி கொட்டி வாய்க்கால் தண்ணீர் கல்லாக இறுகிவிட்டதாம். பாலத்துக்காரன் வீட்டுச் சினைப்பசு அதன் மேல் நடந்து அக்கரைக்குப் போய், ரொட்டிக்காரன் கொட்டிலில் கன்று போட்டுவிட்டது. பனி உருகி வாய்க்கால் மறுபடி ஓட ஆரம்பிக்கும் வரை ரொட்டிக்காரன்தான் தீனி போட்டான். கன்று எனக்கு என்றான். பாலத்துக்காரன் பெண்டாட்டி பட்டப்பகலில் போய்க் கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னைக்கி வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கெடையாது" என்று பெருமூச்சு விட்டார் அக்கா.

நான் ஒரு ஆர்வத்தில், "தாய்ப்பசு யாருதோ கன்னும் அவுங்களுதுதானக்கா? பாலத்துக்காரன் பொண்டாட்டி மேல என்ன தப்பு?" என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு வந்ததே கோபம். புளித்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர் பல நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் விடவில்லை. எங்கள் வீட்டு மோர்ச் செம்பு அவர் வீட்டுக்குப் போவது நின்றது. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் நடுவில் வந்து, "ஏங்கக்கா, இந்தச் சண்டை எப்ப நடந்தது?" என்று கேட்டார். "துரைசாணியோட பாட்டிக்கு அப்பாரு காலத்துல" என்றார் அக்கா. கேட்டுவிட்டு நான் திகைத்துப் போனேன். யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள், எப்போதோ செத்து மண்ணாகிப்போன ஒரு கன்றுக்குட்டி. அதற்காக நாங்கள் இரண்டு பேரும் புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

"நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?" என்று அவரிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒருநாள், "போகாம எப்படித்தா இம்புட்டும் தெரியும்?" என்பார். இன்னொரு நாள், "என்னைய யாரு அம்புட்டுத் தொலைவு கூட்டிக்கிட்டுப் போறா?" என்பார். இரண்டையும் ஒரே முகத்தோடுதான் சொல்வார். ஒரே ஒரு நாள், நல்ல மனநிலையில் இருந்தபோது, கொஞ்சம் விவரமாகச் சொன்னார். துரை தோட்டத்துக்குப் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் துரைசாணியும் இவரும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு அரைகுறை மலாய். துரைசாணி தன் ஊரைச் சொல்லி அழுவாள். இவர் நம் ஊரைச் சொல்லி அழுவார். கண்மாய், கலிங்கு, அய்யனார் கோயில், யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் சொல்லியாகிவிட்டதாம். "நம்ம அம்பலத்தோட அப்பாரு ரெண்டாங் கல்யாணம் கட்டுன கதை கேட்டுட்டு அவுங்க ஒரு பொழுது சாப்புடல தெரியுமா?" என்றார். அம்பலம் என்றால் ஊர்த் தலைவர். பிறகு ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரர்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். துரைசாணி இருக்கிறாளா போய்விட்டாளா என்பது அக்காவுக்குக் கடைசிவரை தெரியாது.

இதெல்லாம் வேடிக்கைப் பேச்சாகவே போயிருக்கும். நிலம் என்று ஒன்று இருந்ததே.

கண்மாய்க் கரைக்குக் கீழே அக்காவின் புருஷனுக்கு ஒரு பங்கு வயல் இருந்தது. அண்ணன் பங்கையும் சேர்த்துத் தம்பிதான் உழுதுகொண்டிருந்தார். அதாவது அக்காவின் கொழுந்தனார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். முணுக்கென்றால் கோபம் வரும், அவ்வளவுதான். அண்ணிக்கு இருக்க இடமும் வருஷத்துக்கு நெல்லும் கொடுத்தார். வயலை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். அக்கா ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது அவர் சொன்ன நியாயம் இது: "இத்தனை வருசமா அந்தப் பங்குக்கும் சேத்துக் கம்மாக் கரையில மண்ணு வெட்டிப் போட்டது யாரு? நானு. கரையக் காத்தவனுக்குத்தான் கீழ உள்ள நெலம். கடலு தாண்டிப் போனவுகளுக்கு எங்கிட்டு வரும் பங்கு?" கூட்டம் தலையாட்டியது. அம்பலமும் தலையாட்டினார். அக்கா வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த அரிசியை இறக்கிக் கஞ்சி வைத்தார். அந்த நெல் வயல் இல்லாவிட்டால் காலமெல்லாம் கொழுந்தனார் அளந்து போடுவதை வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அது அவருக்கு உயிர் போகிற காரியமாக இருந்தது. "தோட்டத்துல கூலிக்கு இருந்தேன், அது வேற. சொந்த ஊருல வந்து கை நீட்டிக்கிட்டு நிக்கவா?" என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்னால் குடிமராமத்து உண்டு. கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஒவ்வொரு பங்குக்கும் கரையில் இவ்வளவு நீளம் என்று அளந்து விட்டிருப்பார்கள். அந்தந்தப் பங்குக்காரன் மண் வெட்டிப் போட்டுக் கரையைப் பலப்படுத்த வேண்டும். அந்த வருஷம் ஆண்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தபோது, கஞ்சி கொண்டுபோன எங்களோடு அக்காவும் வந்து கரையில் நின்றார்.

"நம்ம ஊருலயும் இதே மொறைதான்" என்றார். துரைசாணியின் ஊரைத்தான் சொன்னார். "ஆனா முடியாதவன் ஒருத்தன் இருந்தான்னா, தன் பங்குக் கரையில மம்பட்டிய நட்டுட்டுப் போயிருவான். நட்டுட்டான்னா நெலமும் போச்சு, வீடும் போச்சு. கையில தூக்க முடிஞ்சத எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிரணும். யாரு அந்த மம்பட்டியப் புடுங்குறாங்களோ அவுங்களுக்கு நெலம். கரையும் அவுங்க பொறுப்பு."

"அப்புறம் அவன் எங்கக்கா போவான்?"

"யாரு கண்டா."

எனக்கு மனசு கேட்கவில்லை. கொடுமையான ஊராக இருக்கிறதே என்றேன். அக்கா யோசித்துவிட்டு, "கடலு மேல நிக்கிதுல்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலிங்கையும் தாண்டி வழிந்தது. ஒரு நாள் மத்தியானம், கொழுந்தனார் கவனித்துவந்த அண்ணன் பங்குக் கரையில் கசிவு கண்டது. அவர் காலையிலிருந்து மண் போட்டுப் போட்டுச் சலித்துப்போயிருந்தார். மற்ற ஆண்களெல்லாம் கலிங்குப் பக்கம் மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தன் பக்கம் வரவில்லை என்று அவருக்கு ஆத்திரம். "ஒடஞ்சா ஒடஞ்சு போகட்டும், நான் ஒருத்தன் மட்டும் சாகணுமா" என்று கத்திவிட்டு, மண்வெட்டியைக் கரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி நிறுத்திவிட்டு, வீட்டுக்குச் சோறு தின்னப் போய்விட்டார். எங்கள் ஊரில் அது பெரிய விஷயமில்லை. சோற்றுக்குப் போகிறவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டா போவான்? மண்ணில் நட்டுவிட்டுத்தான் போவான், வந்து எடுத்துக்கொள்வான்.

நாங்கள் சில பெண்கள் ஓலைப்பாயை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்மாயைப் பார்க்கப் போயிருந்தோம். அக்கா குடையோடு வந்தார். ஆளில்லாத கரையில் மண்வெட்டி தனியாக நிற்பதைப் பார்த்தார். குடையை என் கையில் கொடுத்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய், இரண்டு கையாலும் மண்வெட்டியைப் பிடுங்கினார். பிடுங்கியவர் எங்களைப் பார்த்து, "பாத்தீங்கள்ல? எல்லாரும் பாத்தீங்கள்ல?" என்று கேட்டார். என்ன பார்த்தோம் என்று தெரியாமலே நாங்கள் தலையாட்டினோம். அவ்வளவுதான், வெட்ட ஆரம்பித்துவிட்டார். பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நாங்களும் மண்ணைக் கையால் அள்ளி, மடியில் அள்ளி, கசிவில் போட்டு மிதித்தோம். கொழுந்தனார் சோறு தின்று, ஒரு கண் அயர்ந்து, பதறிக்கொண்டு திரும்பி வந்தபோது கசிவு அடங்கியிருந்தது. அவர் மண்வெட்டிக்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

மழை விட்டதும் அய்யனார் கோயில் வாசலில் கூட்டம். அக்கா மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"அவரு நட்டுட்டுப் போனாரு, நான் புடுங்கிட்டேன். நெலம் எனக்கு" என்றார்.

"சோறு திங்கப் போனேங்க! சோறு திங்கப் போனா நெலம் போயிருமா?" என்று கொழுந்தனார் குதித்தார்.

அம்பலம் அக்காவைப் பார்த்து, "ஏத்தா, இது எந்த ஊருச் சட்டம்?" என்று கேட்டார்.

"கரை இருக்குற ஊருச் சட்டம் மாமா."

"நம்ம ஊருல அப்படி ஒண்ணும் கெடையாதே."

"அப்ப நம்ம ஊருச் சட்டத்தையே பேசுவோம்" என்றார் அக்கா. "கரையக் காத்தவனுக்குத்தான் நெலமுன்னு இவரு இதே எடத்துல சொன்னாரு. நீங்கள்லாம் தலைய ஆட்டுனீங்க. அன்னைக்கி மத்தியானம் கரையக் காத்தது யாரு? இந்தா, இத்தனை பேரு பாத்துருக்காங்க."

கொழுந்தனார் தான் போட்ட முடிச்சில் தானே மாட்டிக்கொண்டார். அம்பலம் பக்கத்திலிருந்தவர்களோடு குசுகுசுத்துவிட்டு, ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார்.

"சரித்தா. ஒம் புருசன் பங்க நீயே வச்சுக்க. ஆனா வருசா வருசம் கரைக்கு நீதான் மம்பட்டி எடுத்துக்கிட்டு வரணும். ஆளு அனுப்புறேன், காசு குடுக்குறேன்னு சொல்லப்படாது. ஒரு வருசம் தப்புனாலும் வயலு திரும்பக் கொழுந்தனுக்கு."

பெண்பிள்ளை எப்படிக் கரை வேலைக்கு வருவாள், தானாக விட்டுவிடுவாள் என்பது அவர்கள் கணக்கு. அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அதத்தானே மாமா நானும் கேக்குறேன்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். ஆண்கள் வரிசையில் அந்த நெடிய உருவமும் மண்வெட்டியும் இருக்கும். முதலில் கேலி பேசியவர்கள் பிறகு அவர் பங்குக் கரையைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை வைதார்கள். சாயங்காலம் குடையை ஊன்றிக்கொண்டு கரையில் நடப்பார். குடையின் இரும்பு நுனியால் குத்திக் குத்தி எலி வளை தேடுவார். எந்தக் கரையில் நடக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஒரு தரம் கண்மாய் முழுக்கத் தரை வெடித்துக் கிடந்த கோடையில், கண்மாயின் உள்பக்கத்தைக் கையால் காட்டி, "இன்னைக்கி அலை கம்மி" என்றார்.

இடையில் ஒரு தை மாதம். என் வீட்டுக்காரர் இலுப்பூரிலிருந்து பத்திரிகை வாங்கி வந்தார். ஹாலந்து தேசத்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது, ஊர் ஊராக ஜனங்கள் அழிந்துபோனார்கள் என்று போட்டிருந்தது. அதுவரை அது அக்காவின் வாயில் மட்டும் இருந்த ஊர். பத்திரிகையில் வந்துவிட்டதே. கடல் மேலே, ஊர் கீழே என்பதும் அப்போது உண்மைதானே?

அக்கா பதற்றப்படாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஊரு பேரு போட்டுருக்கா?" என்றார்.

"நெறையப் பேரு போட்டுருக்குங்கக்கா. ஒங்க ஊரு பேரு என்ன?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். கண்ணை இடுக்கிக்கொண்டு எதையோ தேடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம ஊருன்னுதான் அவுங்க சொல்லுவாங்க" என்றார்.

அத்தனை வருஷம் அந்த ஊரின் ரொட்டிக்காரனையும் கன்றுக்குட்டியையும் சொன்னவருக்கு ஊரின் பெயர் தெரியாது. நாங்களும் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் பத்திரிகையில் இருந்த பெயர்களைத் தட்டித் தடுமாறி வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அக்கா தெரியாது என்று தலையசைத்தார்.

பிறகு எழுந்து கண்மாய்க்குப் போனார். உறவில் சாவுச் செய்தி கேட்டால் கட்டிய சேலையோடு தலை முழுகுவது எங்கள் வழக்கம். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா இருக்குறவங்களுக்காகக் குளிச்சா அது பாவம். போயிட்டாங்கன்னா குளிக்காம இருக்குறது பாவம். நீ படிச்சவதானே, சொல்லுத்தா. குளிக்கவா வேணாமா?"

எனக்கு என்ன தெரியும்? அழுகை வந்தது, யாருக்காக அழுகிறேன் என்று தெரியவில்லை. பாலத்துக்காரன் பெண்டாட்டிக்காகவோ என்னவோ. வெகுநேரம் கழித்து அக்கா கரையேறினார். முந்தானை நனைந்திருந்தது. தலை நனையவில்லை. அதைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை.

அறுபதுகளில் அவருக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. குடை இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருஷம் குடிமராமத்துக்கு ஆண்கள் போனபோது அக்காவின் பங்குக் கரையில் மண்வெட்டி நட்டு நின்றது. தகட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அவர் அறைக்கு ஓடினேன். பரண் காலி. தகரப்பெட்டி இல்லை, குடையும் இல்லை. விராலிமலையில் மதுரை பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, திருச்சிப் பக்கம் போகிற பஸ் என்றார் இன்னொருவர். பிறந்த ஊரில் அவருக்கு யாரும் மிச்சமில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டில் இத்தனை காலம் இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? முடியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வேளைக் கஞ்சி ஊற்ற மாட்டேனா? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எந்த ஊரிலோ எவனோ சொன்னான் என்பதற்காகவா?

வயல் இனிமேல் கொழுந்தனாருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஏரைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் மண்வெட்டியைப் பார்த்துவிட்டு நின்றார். ஊரே வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. அவர் அதைப் பிடுங்கினால், அன்றைக்கு அக்கா பிடுங்கியதும் நியாயம் என்று ஆகிவிடும். பிடுங்காமல் உழுதால், நட்ட மண்வெட்டி நிற்கும்போது எப்படி ஏர் பூட்டினான் என்று ஊர் பேசும். சட்டம் எந்த ஊருடையது என்று இப்போது யாருமே கேட்கவில்லை, அதுதான் விசித்திரம். அவர் ஏரைத் திருப்பிக்கொண்டு போனார். அதன் பிறகு தினமும் அந்த வழியாகப் போவார், மண்வெட்டியைப் பார்ப்பார், போவார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. வயலில் கோரை முளைத்தது. கரையில் அந்தப் பங்கு மட்டும் மண் படாமல் கிடந்தது.

புரட்டாசியில் முதல் மழை. கண்மாயில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அந்தக் கரை உடைந்தால் முதலில் மூழ்குவது கொழுந்தனார் வயலும் எங்கள் வயலும்தான். ஆனால் நான் வயலை நினைத்துப் போகவில்லை. கோபத்தில்தான் போனேன். மண்வெட்டியைப் பிடித்து இழுத்தேன். சட்டென்று வரவில்லை, அந்த முழங்காலோடு எப்படித்தான் அவ்வளவு ஆழம் குத்தினாரோ. என் வீட்டுக்காரர் கீழேயிருந்து, "ஏ, என்ன செய்யிறோம்னு தெரிஞ்சுதான் செய்யிறியா?" என்று கத்தினார். "தெரியாது" என்றேன். பிடுங்கிவிட்டேன்.

வெட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொழுந்தனார். எலி வளைகளைக் கிளறி மண் போட்டு மிதித்தார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது, மூச்சு வாங்கியது. மழை வலுத்தபோது மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, அந்த ஊருல, நட்டுட்டுப் போனவுக திரும்பி வந்துட்டா என்ன செய்வாங்களாம்? அண்ணி ஏதாச்சும் சொல்லியிருக்காகளா?"

அக்கா அதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. திரும்பி வந்தவர்கள் உண்டா என்பதே எனக்குத் தெரியாது. அந்த ஊர் கடலுக்குத் தப்பி மிஞ்சியிருக்கிறதா என்பதும் தெரியாது. அவர் கன்னத்தில் வழிந்தது மழைதானா என்றும் தெரியவில்லை.

"திருப்பிக் குடுத்துருவாங்கண்ணே" என்றேன். "நம்ம ஊருல அப்படித்தான் வழக்கம். வீட்டையும் வயலையும் குடுத்துட்டு, ஒக்காரவச்சுக் கஞ்சி ஊத்துவாங்க."

"அப்படியா" என்றார். எந்த ஊரில் என்று அவர் கேட்கவில்லை. குனிந்து மறுபடி மண் வெட்ட ஆரம்பித்தார்.